கெணத்துல தொங்குன கொசுவலை

மீனைப் புடிக்கிறது, ஒரு தபா தடவிக் குடுக்குறது, திரும்ப தண்ணியிலயே வுட்டுடறது. இதுக்கு ஒரு சங்கம் இருந்துச்சுன்னா நம்புவியா? இருந்துச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சுட்டு நானும் எங்க மாமியாரும் சிட்லபாக்கம் ஏரிக்கரை மேல நடந்து வருவோம். அங்க நாலஞ்சு பேரு முட்டியளவு தண்ணில நின்னுகினு, நீட்டுக் கழிய முன்னாலயும் பின்னாலயும் வீசிகினு இருப்பாங்க. புழு கெடையாது, எறா கெடையாது. மீனு மாட்டுச்சுன்னா சந்தோசமா கத்துவாங்க, அடுத்த நிமிசம் அத வுட்டுடுவாங்க. எங்க மாமியார் அதப் பாத்துட்டு, "பாவம், நல்ல வூட்டுப் புள்ளைங்களாத்தான் தெரியுது"ன்னு சிலுவ போட்டுக்குவாங்க.

நான் சொல்றது ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டுன காலம். தாம்பரத்துல ரயில விட்டு எறங்குனா எங்க வூட்டுக்கு வயக்காட்டு வழியாத்தான் வரணும். ரோடுன்னா மண்ணு ரோடு. இப்போ அங்க எல்லாம் மாடி மாடியா நிக்குது, நான் போனா எனக்கே வழி தெரியாது.

சங்கத்துக்குப் பெரியவரு ஒரு சட்டைக்காரத் தொர, ஆங்கிலோ இந்தியரு. விழுப்புரம் வரைக்கும் கரி எஞ்சின் ரயிலு ஓட்டி ரிட்டேரு ஆனவரு. வெள்ளையா இருப்பாரே தவிர அவரு பேசற தமிழு என்னோடத வுட மோசம். ஒரு நாளு எங்க வாசல்ல வந்து நின்னு, "யம்மா, உன் சேவக் கோயி கய்த்துல நாலு ரெக்க குடேன்"னாரு. "ரெக்க எதுக்கு தொர, கோழியவே எடுத்துகினு போயி ஆக்கித் தின்னு"ன்னேன். சிரியா சிரிச்சாரு. அந்தக் கழுத்து ரெக்கைய தூண்டி முள்ளு மேல வெச்சு, பட்டு நூலு சுத்திச் சுத்தி ஒரு பூச்சி பண்ணுவாரு பாரு, நெசப் பூச்சி தோத்துடும். எங்க வூட்டுப் பூனை ஒரு தபா அது மேல பாஞ்சுடுச்சு. அதுலேர்ந்து எங்க சேவலுக்கு ஏரிக்கரை பூரா மரியாத. என் வூட்டுக்காரரு மட்டும், "இப்டி மொட்டக் கழுத்தா சுத்துற கோழிய யாரு வாங்குவா"ன்னு பொலம்புவாரு.

தொர கூட இன்னும் ரெண்டு பேரு முக்கியம். ஒருத்தரு காலேஜ் சாரு, ஒல்லியா, மூக்குக் கண்ணாடிய கயித்துல கட்டி கழுத்துல மாட்டிகினு இருப்பாரு. இன்னொருத்தரு தாம்பரம் மார்க்கெட்ல இரும்புக் கட வெச்சிருந்த பாய். மீனு புடிக்கிறது மட்டும் இல்ல, ஏரிக்கு வர்ற கால்வாய்ல அடைச்சுகினு இருந்த ஆகாயத்தாமரைய எல்லாம் அவங்களே எறங்கி வாருவாங்க. வெரால் குஞ்சுங்க செவப்பா பந்து மாதிரி மேல வர்ற சமயத்துல, அப்பனும் ஆத்தாவும் காவலுக்குச் சுத்தும் இல்ல, அந்தப் பக்கம் யாரும் தூண்டி போடக் கூடாதுன்னு ஒரு போர்டு நட்டாங்க. படிக்கத் தெரிஞ்சவங்க கம்மி. அந்தக் கம்பத்துல எரும கட்டுனாங்க.

அந்த வருசம் வெயிலு கொளுத்துச்சு. வைகாசிலயே ஏரி நடுவுல ஒரு குட்டையாட்டம் சுருங்கிப் போச்சு. ஏரி மீன ஏலம் எடுத்தவரு வலைய எறக்குனாருன்னா வெரலு நீளக் குஞ்சு கூட தப்பாது, எல்லாம் கருவாடுதான். அடுத்த மழைக்கு ஏரில தண்ணி நெறையும், மீனு இருக்காது. சங்கத்துக்காரங்க அவரு கையக் கால புடிச்சு, வலை எறக்குற முன்னால பொடிசுங்கள மட்டும் அள்ளிக்கிறோம்னு கேட்டு வாங்கிட்டாங்க. அள்ளி எங்க வுடறது? அந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கோடைக்கும் வத்தாத கெணறு எங்களுதுதான். தொர வந்து கேட்டாரு. நான் எங்க மாமியாரக் கேட்டேன். "மீனு தானே, கெடந்துட்டுப் போவுது"ன்னுட்டாங்க. நானும் பெரிய மனுசியாட்டம், "கொண்டாங்க தொர, மழ வர்ற வரைக்கும் நான் பாத்துக்குறேன்"னு வாக்கு குடுத்துட்டேன்.

காலைல கட்டவண்டில ரெண்டு டிரம்மு வந்து எறங்குச்சு. மேல ஈரக் கோணி. உள்ள கெண்டக் குஞ்சுங்க, பாக்கவே அவ்ளோ அழகு, காசு காசா மின்னுதுங்க. காலேஜ் சாரு மொத வாளிய மொண்டு கெணத்தாண்ட எடுத்துகினு போறாரு. அப்போ பாத்து கெணத்துக்குள்ள பொளக்குன்னு ஒரு சத்தம். பாய் எட்டிப் பாத்தவரு சாரு கையப் புடிச்சுட்டாரு.

"தங்கச்சி, உள்ள யாரும்மா அது?"

"யாரும் இல்லியே பாய்."

"என் தொட மொத்தத்துல ஒருத்தரு வந்து மூச்சு வாங்கிட்டுப் போறாரே!"

எங்க மாமியார் அடுப்பாண்டலேர்ந்து சாவகாசமா சொல்றாங்க, "அது எங்க வெராலு."

பூச்சி புழுவத் தின்னு தண்ணிய சுத்தமா வெக்கும்னு கெணத்துல ஒரு வெரால வுட்டு வெக்கிறது அப்போ வழக்கம். எங்க மாமனாரு உயிரோட இருந்தப்போ வுட்டது. ராட்டினம் எப்டியோ தாம்புக்கயிறு எப்டியோ, அது மாதிரி அதுவும் ஒண்ணு. கெணத்துல மீனு கீதான்னு யாராவது கேட்டா இல்லன்னுதான் சொல்லியிருப்போம். அத நாங்க மீனுன்னே நெனைக்கல. ஆனா அது நெனச்சுக்குமே! டிரம்முல இருக்குறது பூரா அதுக்குப் பலகாரம்.

வெயிலு ஏறுது. டிரம்முல குஞ்சுங்க மேல வந்து வாய வாயத் தொறக்குதுங்க. நான் ஒரு சொம்ப எடுத்துகினு அதே தண்ணிய மொண்டு உசரத்துலேர்ந்து ஊத்த ஆரம்பிச்சேன். அப்டி ஊத்துனா தண்ணில காத்து சேரும்னு சாரு சொன்னாரு. கை ரெண்டும் கழண்டுகினு வருது, நிறுத்துனா செத்துடுமோன்னு பயம்.

"வெராலப் புடிச்சு வெளிய எடுத்துடலாம்"னாரு தொர.

"புடிங்க. ஆனா அதுக்கு ரத்தம் வந்துச்சு, ஒருத்தரும் இந்த வாசப்படி ஏற முடியாது"ன்னாங்க எங்க மாமியார்.

தூண்டி முள்ளுக்குள்ள எதிர்ப்பக்கமா ஒரு குட்டி முள்ளு இருக்கும் இல்ல, அத சாரு குறட்டால நசுக்கி மழுங்க வெச்சாரு. அப்புறம் மூணு பேரும் கெணத்த சுத்தி நின்னுகினு கழி வீசுனாங்க பாரு! ஏரில வீசுற கழிய கெணத்தடில வீசுனா? தொரயோட முள்ளு முருங்க மரத்துல. சாரோட முள்ளு அவரு சட்டை மேலயே. தண்ணி எடுக்க வந்த பொம்பளைங்க குடத்த இடுப்புல வெச்சுகினு வரிசையா நின்னு வேடிக்க பாக்குறாங்க. பக்கத்து வூட்டு அக்கா, "இன்னா தொர, கெணத்துக்கு மந்திரிச்சு வுடறியா?"ன்னுச்சு. "நீ கம்முனு கெட, அது பயந்துக்கும்"னாரு தொர. அது எங்க பயந்துச்சு? மேல வந்து, என் சேவலு ரெக்கைய மோந்து பாத்துட்டு, கல்யாண வூட்டுல சாப்பாடு பிடிக்காதவன் மாதிரி திரும்பிப் போயிடுச்சு.

எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னால சிரிக்க முடியல. டிரம்முல ஒண்ணு மல்லாந்துடுச்சு. அப்புறம் இன்னொண்ணு. "சார், சாவுது சார்"னு நான் கத்துறேன்.

"வேற வழி இல்ல, கொட்டிடலாம். தின்னது போவ மிச்சம்"னு தொர கழியக் கீழ போட்டாரு.

"ஒண்ணு கூட மிஞ்சாது"ன்னாரு சாரு.

பாய் வீசுன முள்ளு கொடில காஞ்சுகினு இருந்த என் கொசுவலைல மாட்டிகினுச்சு. அதக் கிழிக்காம எடுக்க ஒவ்வொரு கண்ணா பிரிச்சுகினு இருந்தவரு, அப்டியே வலைய ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் கெணத்தப் பாத்தாரு.

"தங்கச்சி, இது உனக்கு ரொம்ப வேணுமா?"

கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. கொழந்தைங்க மூணும் அதுக்குள்ளதான் தூங்கும். இன்னா பண்றது, வாக்கு குடுத்தாச்சே. "எடுத்துக்குங்க பாய்"னேன். வண்டிக்காரன கடைக்கு ஓட்டி, இரும்புக் கம்பிய வளையமா வளைச்சு எடுத்தாந்தாரு. வலைய அதுல தச்சு, நாலு கயிறு கட்டி, பெரிய தூக்குப் பை மாதிரி கெணத்துக்குள்ள எறக்குனாங்க. வாய் மட்டும் தண்ணிக்கு மேல ஒரு முழம். உள்ள குஞ்சுங்க, வெளிய வெராலு. எல்லாத்தையும் வுட்டப்புறம்தான் நான் சொம்பக் கீழ வெச்சேன். வெரலு மடங்கல.

அத்தோட தீந்துச்சுன்னு நெனச்சியா? அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே போச்சு. வெடிஞ்சா மொதல்ல கெணத்தத்தான் எட்டிப் பாப்பேன். அந்த வெராலு வலைய சுத்திச் சுத்தி வரும், மூஞ்சியால முட்டும். "அத்த, கிழிச்சுடப் போவுது"ம்பேன். "அதுக்கு இன்னா பல்லு வலியா, சும்மா சொறிஞ்சுக்குது"ம்பாங்க. வாரா வாரம் சங்கத்துக்காரங்க வந்து வலை மேல படிஞ்ச பாசியத் தேய்ச்சுட்டுப் போவாங்க. தவுடு ஒரு சிட்டிகைக்கு மேல போடக் கூடாதுன்னு எங்க மாமியார் சட்டம். பக்கத்து வூட்டு அக்கா தெனமும் ஒரு குத்தம், "உங்க கெணத்துத் தண்ணில சாம்பாரு வெச்சா கூட மீன் கொழம்பு மாதிரி கீது"ன்னு. என் புள்ளைங்க ஒடம்பெல்லாம் கொசு கடிச்சு தடிப்பு. என் வூட்டுக்காரரு ராத்திரி பூரா துண்ட வீசிகினு, "மீனு கொசுவலைல தூங்குது, நான் வெளிய தூங்குறேன்"னு திட்டுவாரு. தண்ணி சேந்துறதும் ஒரே ஒரு மூலைலதான், வாளி வலைல இடிச்சா போச்சு. யாரு சேந்துனாலும் நான் பக்கத்துல போயி நிப்பேன்.

எல்லாரும் மழைய வேண்டிகினு இருந்தோம். மழ வந்தா ஏரி நெறையும், வாக்கு தீரும். ஐப்பசில வந்துச்சு. அதுலதான் ஆபத்தே வந்துச்சு.

மொத ரெண்டு நாளு கெணத்துல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு, என் வூட்டுக்காரரு கயித்த மேல இழுத்துக் கட்டுனாரு. மறுநாளு அவரு டூட்டிக்குப் போனப்புறம் பேஞ்சுது பாரு, கொட்டு கொட்டுன்னு. வாசலெல்லாம் வெள்ளம், கெணத்து வெளிம்புலேர்ந்து உள்ள வழியுது. நான் சோத்த வடிச்சுட்டு வந்து எட்டிப் பாக்குறேன், வலை வாய்க்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சாண்தான் கீது.

"அத்த! முழுவப் போவுது!"

எங்க மாமியார் தலைல கோணியப் போட்டுகினு ஓடியாந்தாங்க. பக்கத்து வூட்டு அக்காவும் குடத்தப் போட்டுட்டு ஓடியாந்துச்சு. ஆளுக்கு ஒரு கயிறு. முடிச்ச அவுக்கப் பாத்தா, ஈரத்துல கயிறு ஊறி கல்லு மாதிரி கெடக்குது. நகம் பேந்துடுச்சு, முடிச்சு அசையல. உள்ள போயி அருவாமனைய எடுத்தாந்தேன். "நீங்க ரெண்டு பேரும் புடிச்சுக்குங்க, நான் அறுத்து மேல கட்டுறேன்"னேன். மூணு கயிறு நல்லபடியா ஆச்சு. நாலாவத அறுத்தப்போ அக்கா கை வழுக்கிடுச்சு. வளையம் சாஞ்சு ஒரு பக்கம் தண்ணிக்குள்ள போச்சு.

வெள்ளியக் கொட்டுன மாதிரி ஒரு கும்ப வெளிய போச்சுங்க. கீழேர்ந்து கறுப்பா அது வர்றது தெரிஞ்சுது. நான் "மாதாவே"ன்னு கத்திகினு கெணத்து மேல குப்புறப் படுத்து, வளையத்தையே கையால புடிச்சுத் தூக்குனேன். எங்க மாமியார் என் கால கெட்டியாப் புடிச்சுகினு, "வுழுந்து தொலைக்காதடி, உன் புருசனுக்கு நான் இன்னா பதிலு சொல்லுவேன்"னு அழுவுறாங்க. அந்தக் கயித்த அக்கா எப்டியோ ராட்டினக் கம்பத்துல சுத்தி இழுத்துடுச்சு. உள்ள எத்தினி மிஞ்சுச்சு, எத்தினி போச்சு, யாருக்குத் தெரியும்? மழ கண்ண மறைக்குது. உள்ள ஏதோ துள்ளுது, அது மட்டும் தெரிஞ்சுது.

மழ வுட்டதும் தொர டிரம்மு வண்டியோட வந்தாரு. வலையத் தூக்கிப் பாத்தா, போட்டதுல பாதி கூட இருக்காதுன்னு தோணுச்சு. இருந்ததெல்லாம் என் உள்ளங்கை அகலம் வளந்திருந்துச்சு. ஏரில கொட்டுனப்போ நானும் கூடப் போனேன். கலங்கலான தண்ணி. உள்ள போனதுதான், ஒண்ணு கூட தெரியல. என் கொசுவலை கிழிஞ்சு கந்தலாப் போச்சு, அது கெடக்கட்டும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் கரை மேல நின்னுகினு, "இன்னா தொர, கண்ணுல பட்டுச்சா?"ம்பேன். தலையத்தான் ஆட்டுவாரு. கிறிஸ்மஸ் போச்சு. கொக்கு தின்னுடுச்சோ, சேத்துல செத்துடுச்சோன்னு எனக்கு ஒரே கவல. அஞ்சு மாசம் குடும்பமே கொசுக்கடி பட்டது வீணாப் போச்சான்னு எங்க மாமியார் கூட கேக்க ஆரம்பிச்சாங்க.

பொங்கலு கழிச்சு ஒரு நாளு காலைல, காலேஜ் சாரு வேட்டிய மடிச்சுக் கட்டிகினு, வாளியோட எங்க வூட்டப் பாத்து ஓடியார்றாரு. கண்ணாடி கழுத்துல கெடந்து குதிக்குது. வாளிக்குள்ள ஒரு கெண்ட, ஒரு சாண் இருக்கும்.

"பாருங்கம்மா, பாருங்க! உங்க சேவல் ரெக்கைக்குத்தான் வந்துச்சு!"

"நம்மளுதா சார்?"

"அது எப்படிம்மா சொல்றது? மீனுக்குப் பேரா எழுதியிருக்கு?"

எங்க மாமியார் குனிஞ்சு பாத்தாங்க. "நம்ம கெணத்துத் தண்ணி குடிச்சதுதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியல?"

நான் வாளிக்குள்ள கைய வுட்டு அத ஒரு தபா தடவிக் குடுத்தேன். அதுக்குள்ள அந்த மீனு மேல வந்து வாயத் தொறந்துச்சு. அவ்ளோதான். "பேசிகினு நிக்காத சார், செத்துடப் போவுது, ஓடு, ஓடு"ன்னு அவரு முதுவப் புடிச்சுத் தள்ளுனேன். வாளி தளும்பத் தளும்ப அவரு ஏரிக்கு ஓடுறாரு, பின்னாலயே நானும் சொம்போட ஓடுறேன்.