நானூற்றுப் பதினெட்டு வண்டிகள் எங்கே?

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல வருஷங்களுக்கு முன்னால், நகரத்தின் எல்லா சிக்னல்களிலும் மஞ்சள் விளக்கு மூன்று விநாடி எரிந்தால் போதும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தபோது, இறக்கமான சாலைகளில் நாலு விநாடி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். பதினோரு மாதம் நின்றாள். கடைசியில் நாலு விநாடி வந்தது, கூடவே பட்டப்பெயரும் வந்தது. வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஒன்பது வருஷம் அவளுக்குக் கணினியே கிடையாது. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, உள்ளங்கையில் அடங்கும் ஓர் எண்ணும் கருவி, அவ்வளவுதான். வண்டி ஒன்று கடந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. தெருவின் இந்த முனையில் அவள் உட்காருவாள், அந்த முனையில் இன்னொருத்தி. இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் எண்களை ஒப்பிட வேண்டும். உள்ளே போனது இவ்வளவு, வெளியே வந்தது இவ்வளவு, தெருவிலேயே நிற்பது இவ்வளவு. ஒன்றிரண்டு இடித்தால் மற்றவர்கள் பூசி மெழுகிவிடுவார்கள். இவள் எழுந்து தெருவுக்குள் நடந்தே போய்ப் பார்ப்பாள். ஒரு தடவை ஒரு பால் வண்டி குறைந்தது. தேடிப் போனால், சந்துக்குள் வண்டியை ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைத் தட்டி எழுப்பி, "ஒண்ணுமில்ல, நீங்க இருக்கீங்களான்னு பாத்தேன், தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஒரு பால் வண்டிக்கா இவ்வளவு தூரம் நடந்தே?" என்றாள் கூட்டாளி.

"வண்டி ஆவியாப் போகாதுடி. உள்ள போனா வெளிய வரணும், இல்லன்னா உள்ளயே இருக்கணும். மூணாவது வழி கிடையாது."

அப்புறம் சாலைக்கடியில், மேலே போகும் வண்டிகளைத் தானாக எண்ணுகிற கம்பிச் சுருள்களைப் பதித்தார்கள். கம்பங்களில் கேமரா ஏறியது. மடக்கு நாற்காலிகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின, எண்ணியவர்களில் பாதிப் பேர் வேறு இலாகாவுக்குப் போனார்கள். மஞ்சக்கா போகவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில், வேற்று மொழியில் எழுதிய ஐந்நூறு பக்கக் கையேட்டைப் பக்கத்தில் ஓர் அகராதியோடு படித்து, சிமுலேஷன் கற்றுக்கொண்டாள். அசல் சாலையில் கை வைப்பதற்கு முன், அதே சாலையைக் கணினிக்குள் வரைந்து, அதே வண்டிகளைச் சின்னச் சின்னச் செவ்வகங்களாக ஓடவிட்டுப் பார்க்கிற வித்தை அது. பச்சையைக் கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்று திரையில் பார்த்துவிட்டுத் தெருவில் செய்யலாம். தப்புப் பண்ணுவதானால் திரையில் பண்ணலாம், யாருக்கும் அடிபடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அவள் கணவர் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டுநர். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, கண்ணில் தடித்த கண்ணாடி, வாயில் ஓயாத முறையீடு. ஊரில் எந்த சிக்னல் சிவப்பானாலும் அதை மனைவியே நேரில் வந்து போட்டதாகத்தான் அவருக்கு நினைப்பு.

"இன்னிக்கும் என்னை நாலு நிமிஷம் நிக்க வச்சுட்டே."

"நானா வச்சேன்?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா வச்சா?"

இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போதுதான் பாலத்தடிச் சந்திப்பு அவள் மேசைக்கு வந்தது. பாலத்துக்கு அடியில் பெரிய சாலையும் ஒரு பின்தெருவும் சேரும் இடம். பெரிய சாலை விமான நிலையத்துக்குப் போகிறது. பின்தெருவில் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மருத்துவமனை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெரிய சலவைக்கூடம், பிறகு அடுக்கடுக்காக வீடுகள். தொண்ணூறு விநாடிச் சுற்றில் பின்தெருவுக்குப் பச்சை இருபத்திரண்டு விநாடி. அதை ஒன்பதாகக் குறைத்து, மிச்சப்பட்ட பதின்மூன்றையும் பெரிய சாலைக்குக் கொடுத்தால் மொத்தக் காத்திருப்பு முப்பத்தொரு சதவீதம் குறைகிறது என்று வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக் கம்பெனி சிமுலேஷன் செய்து காட்டியது. கம்பெனியின் நிபுணர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அதனால் எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர். வியாழக்கிழமை தொடக்க விழா. திட்டம் சாலைக்குப் போக மூன்று கையெழுத்து வேண்டும்: கோட்டுக்காரருடையது, சரிபார்த்தவள் என்ற முறையில் மஞ்சக்காவுடையது, பிறகு இயக்குநருடையது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சக்கா கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பேனா மூடியைத் திறந்தாயிற்று. அறிக்கை அவ்வளவு அழகாக இருந்தது. வண்ண வண்ணப் படங்கள், தடித்த எழுத்தில் சதவீதம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிடவேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை. கணினி எண்ணும்போது யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

அந்தத் திங்கட்கிழமை மதியம் அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, ஷிப்ட் முடிந்த கணவர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். சுவர் நிறையக் கேமராப் படங்கள், உடம்பு விறைக்கிற ஏசி. வந்தவர் உடனே போகிற ஆள் இல்லை.

"என் பஸ்ஸும் இதுக்குள்ள இருக்குன்னியே, எங்க?"

அவள் சிமுலேஷனை ஓடவிட்டாள். காலை எட்டு ஐந்துக்கு ஒரு நீளமான பச்சைச் செவ்வகம் பின்தெருவுக்குள் நுழைந்தது.

"இதுதான் நீங்க."

"என்னடி இது, தீப்பெட்டி மாதிரி இருக்கேன்!" அவருக்கு ஒரே குஷி. குனிந்து மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். தீப்பெட்டி ஊர்ந்து போய் வரிசையின் வாலில் நின்றது. ஒரு பச்சை வந்தது, நாலு வண்டி போயிற்று. இன்னொரு பச்சை, இன்னொரு நாலு. அடுத்த பச்சைக்கும் அதே நாலு. தீப்பெட்டிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு கார்.

பிறகு தீப்பெட்டியைக் காணோம்.

திரும்பவில்லை, போகவில்லை. இருந்த இடத்தில் இல்லை. பின்னால் இருந்த வேன் சத்தமில்லாமல் அந்த இடத்துக்கு நகர்ந்தது.

"ஏய், நான் எங்க போனேன்?" என்றார் கணவர். "அறுபத்தொரு பேர் உக்காந்திருந்தாங்களே, அவங்கல்லாம் எங்க?"

மஞ்சக்கா சிமுலேஷனின் இயக்கப் பதிவைத் திறந்தாள். யாரும் திறந்து பார்க்காத நீண்ட கோப்பு அது. வரிக்கு வரி ஒரே வாக்கியம்: இந்த வண்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்ததால் அகற்றப்பட்டது. மேலிருந்து கீழ்வரை எண்ணினாள். கட்டைவிரல் தானாக மேசையை அழுத்திக்கொண்டே வந்தது. நானூற்றுப் பதினெட்டு. எல்லாமே பின்தெரு வண்டிகள். இரண்டு மணி நேரத்தில் எழுநூற்று நாற்பது வண்டி உள்ளே போயிருந்தது, முந்நூற்று இருபத்திரண்டுதான் வெளியே வந்திருந்தது. காத்திருப்பு குறையவில்லை. காத்திருந்தவர்களைத்தான் அழித்திருந்தார்கள்.

சுவர்ப் படங்களைக் கவனிக்கிற பக்கத்து மேசைக் கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, ரெண்டு வருஷம்தானே பாக்கி. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா போயிரலாமே. இயக்குநர் நாள் குறிச்சாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு."

"கண்ணை மூடத்தானே இவர் இப்பக் கண்ணாடி கொண்டுவந்து குடுத்தாரு?" என்றாள் மஞ்சக்கா.

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் இயக்குநர் நேரே விஷயத்துக்கு வந்தார். "உங்க கையெழுத்து மட்டும்தாம்மா பாக்கி."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார், ஒண்ணு காட்டறேன்." அவள் பஸ் மறைவதைப் பெரிய திரையில் காட்டினாள். இயக்கப் பதிவைக் காட்டினாள்.

கோட்டுக்காரர் சிரித்தார். "அது மென்பொருளோட வழக்கமான அமைப்பு மேடம். ஒரு வண்டி மாட்டிக்கிட்டா முழு சிமுலேஷனும் உறைஞ்சு போயிடக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. உலகம் பூரா இப்படித்தான்."

"உலகம் பூரா வண்டிங்க மறையுதா?"

கேமராக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணு ரெண்டு வண்டி மாட்டிக்கிட்டா எடுக்கலாம்தான், கையேட்டுலயும் அப்படித்தான் இருக்கு. பாதிக்கு மேல எடுத்தாக்க அதுக்குப் பேரு ஏற்பாடு இல்ல" என்றாள் மஞ்சக்கா.

இயக்குநரின் முகம் சுண்டியது. "அந்தப் பதினாலாம் நம்பரை ஓட்டறது உங்க வீட்டுக்காரர்தானே?"

அறையில் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

"ஆமா சார். அதனாலதான் அந்த பஸ் என் கண்ணுல பட்டுச்சு. மத்த நானூத்திப் பதினேழும் எனக்குச் சொந்தமில்ல, பந்தமில்ல. அவங்களையும்தான் காணோம்."

யாரும் தடுப்பதற்கு முன்னால் அவள் வண்டிகளை அகற்றும் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை யாரும் மறையவில்லை. பின்தெரு, நின்றுபோன வண்டிகளின் சிவப்புச் செவ்வகங்களால் நிரம்பியது. வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, மருத்துவமனை வாசலை அடைத்தது, படத்தின் விளிம்பில் முட்டி நின்றது. பிறகு எதுவும் அசையவில்லை.

"என்ன, கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். தெரு மாட்டிக்கிச்சு."

அன்று மாலைக்குள் மெமோ வந்துவிட்டது. அனுமதியின்றி ஒப்பந்தக் கம்பெனியின் மாதிரியில் அமைப்பை மாற்றியது ஏன், ஏன் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஒரு நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கவும். கூடவே வாய்மொழி உத்தரவு: அவள் இனி ஸ்டோர் ரூமில் உட்கார வேண்டும். ஸ்டோர் ரூமில் உடைந்த சிக்னல் விளக்குகளும் சுருட்டிய கம்பிகளும்தான் இருந்தன, மேசை நாற்காலி கிடையாது. மூலையில் துருப்பிடித்த மடக்கு நாற்காலி ஒன்று சாய்ந்திருந்தது. அவள் அதைத் துடைத்து விரித்தாள். அது கீச்சென்றது.

"நல்லா இருக்கியா?" என்றாள் நாற்காலியிடம்.

வீட்டில் கணவர் அன்று ஒரு சிக்னலைப் பற்றியும் முறையிடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார்: "என்னால உனக்கு வம்பு வந்துருச்சோ?"

"உங்களால வந்திருந்தா மன்னிச்சிருப்பேன். இது என்னால வந்தது. எண்ணிப் பாக்காம பேனாவைத் திறந்தேன் பாருங்க, அதுக்கு."

"கையெழுத்துப் போடுவியா?"

"கைய வெட்டிக் குடுத்தாலும் அந்தக் கை போடாது."

புதன்கிழமை காலை அவள் விளக்கம் எழுதினாள். மறைந்த வண்டிகளைப் பதிவிலிருந்து எடுத்து, வரிக்கு ஒன்றாக அச்சடித்தாள்: எது, எத்தனை மணிக்குத் தெருவுக்குள் வந்தது, எத்தனை மணிக்கு அழிக்கப்பட்டது. பதினாலு பக்கம் வந்தது. அதற்கு மேல் ஒரே ஒரு தாள், அதில் நாலே வரி. 'நான் மாற்றிய அமைப்பு எந்த வண்டியையும் அழிக்கவில்லை. இணைப்பில் உள்ள நானூற்றுப் பதினெட்டு வண்டிகள் எங்கே போயின என்பதை அழித்தவர்கள் எழுத்து மூலம் விளக்கட்டும். அந்த விளக்கம் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை என் கையெழுத்து இல்லை.'

அதை இயக்குநர் மேசையில் கொண்டுபோய் வைக்கவில்லை. அங்கே வைத்தால் அது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தபால் பிரிவுக்குப் போனாள். தபால்காரம்மா பதினைந்து தாளையும் புரட்டிப் பார்த்து, "என்ன மஞ்சக்கா, புத்தகம் போட்டிருக்கே?" என்றாள்.

"முத்திரை குத்து. எல்லாத் தாள்லயும்."

"முதல் தாள்ல குத்தினா போதுமே."

"எல்லாத் தாள்லயும் குத்து. பதிவு எண் விழுந்த காகிதம் ஆவியாப் போகாது."

தடக், தடக் என்று பதினைந்து தடவை முத்திரை விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பினாள்.

பதிவு எண் விழுந்த கேள்வி கோப்பில் உட்கார்ந்திருக்கும்போது, அதற்கு மேல் தன் கையெழுத்தைப் போட இயக்குநருக்குத் தைரியம் வரவில்லை. கோட்டுக்காரரைப் பதில் எழுதச் சொன்னார். கோட்டுக்காரர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். வியாழக்கிழமை விழா 'தவிர்க்க முடியாத காரணங்களால்' தள்ளிப்போயிற்று. புதுத் தேதியை யாரும் சொல்லவில்லை. மெமோவை யாரும் திரும்பப் பெறவுமில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து அவளை யாரும் கூப்பிடவுமில்லை. கேமராக்காரர் மட்டும் ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் குடுத்ததா சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு ஐந்துக்கு அவள் பதினாலாம் நம்பரில் ஏறினாள். உட்கார இடமில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நிறையச் சலவைக்கூடத்துப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனையிலிருந்து திரும்புகிற, கையில் பஞ்சு ஒட்டிய ஒரு பெரியவர். பாலத்தடியில் வரிசை நின்றது. முன்னால் எட்டு வண்டி.

பச்சை விழுந்தது. அவள் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதில் நாலாவது வண்டி கோட்டைத் தாண்டியது. பத்து. பதினொன்று. பதினெட்டில் பஸ்ஸின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டது. இருபத்திரண்டில் பின்சக்கரமும் தாண்டிவிட்டது.

கணவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "என்னம்மா, நான் இருக்கேனா?"

"இருக்கீங்க, இருக்கீங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."