நான் மூடாமல் விட்ட லில்லிச் செடிகள்

எங்கள் கொடைக்கானல் சர்ச்சின் ஆல்டர் மேடையில் பக்கத்து வீட்டு மெர்சி வைக்கும் லில்லிப் பூக்களை எல்லோரும் புகழ்வார்கள். வெளியே சொன்னால் வெட்கம், ஜெபத்தில்கூட எனக்கு வயிறு எரியும்.

மகள் பிரசவத்துக்காகப் பழனிக்குக் கிளம்பிய மெர்சி, "அக்கா, உறைபனி விழுது. சாயங்காலம் செடிகள சாக்கு போட்டு மூடிருங்க" என்றாள். நான் வேண்டுமென்றே மூடவில்லை. எல்லாம் கருகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவள், "நீங்க மூடியும் பனி கருக்கிருச்சேக்கா" என்று என்னையே தேற்றினாள். திருவிருந்து அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது, இதை மனதில் வைத்துக்கொண்டு அதை வாங்க எனக்குத் துணிவில்லை. அவள் கையைப் பிடித்து, "நான் மூடலடி. பொறாமை" என்றேன்.

வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். பிறகு, "வாங்க, ஆல்டர் முன்னாடி சேந்தே முட்டி போடுவோம். உங்க மேல வர்ற கோவத்த நானும் அங்கதான் சொல்லணும்" என்றாள்.

அன்று ஆல்டரில் பூ இல்லை. இத்தனை வருஷமாக அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்த நான், அன்றுதான் பின்னாலிருந்த சிலுவையைப் பார்த்தேன்.