கன்னம் உப்பியது, கையில் வலு இல்லை

யுத்த காலம் அது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். என் கொழுந்தனாரின் மனைவி பழனியம்மாள் குளிர்காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். பொங்கலுக்கு அவளுடைய அப்பா வருவதாகத் தகவல் வந்தது. மூத்த மருமகளான என் கையில்தான் அடுப்படி இருந்தது. பெண்ணைப் பட்டினி போட்டவள் என்று எனக்குப் பேர் வந்துவிடுமே என்று பயந்தேன்.

"அக்கா, முட்டையும் பாசிப்பயறும் குடுங்க. மெல்ல மெல்ல நானும் கெணத்துல தண்ணி சேந்தறேன். தெம்பு வந்துருமுங்க," என்று கேட்டாள்.

"அதுல எங்க உடம்பு பூசும்? பேசாம உக்காந்து தின்னு சாமி," என்றேன்.

நெய்ச்சோறும் வெல்லப் பணியாரமுமாகத் திணித்தேன். எழுந்து நடமாடக்கூட விடவில்லை. கன்னமும் வயிறும் உப்பின.

அவள் அப்பா வந்து பார்த்துக் கண் கலங்கினார். "எம்புள்ளயத் தாயாட்டம் பாத்துக்கிட்டீங்க அம்மிணி," என்று என்னைக் கும்பிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை.

அப்போதுதான் பழனியம்மாள் தன் குழந்தையைத் தூக்கினாள். கைகள் நடுங்கின, குழந்தை நழுவியது. அவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சு சாமி?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்கப்பா, கை வழுக்கிருச்சு."

அவர் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாளிலிருந்து அவள் கேட்டதையே சமைத்தேன். கிணற்றடிக்கு நானும் கூடவே போனேன். ஆடி பிறப்பதற்குள் வயிறு வற்றி, தோளும் கையும் திரண்டிருந்தன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குடம் தூக்கினாள்.

அவள் இதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அவள் அப்பாவிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் வரவே இல்லை. என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடினார்.