ஒரு கட்டம் தள்ளி

1. பட்டுக்கோட்டையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் எட்டுப் பேரோடு செஸ் ஆடினார்.
2. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வெட்டுப்பட இருந்த என் ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.
3. யாரும் கவனிக்கவில்லை.

"மூணாவது போர்டு, பிஷப்பால ராணியை எடுக்கிறேன்" என்றார்.

"ராணி அங்க இல்லீங்க சார்."

"சார் கோட்டை விட்டுட்டாரு!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

அவர் சற்று யோசித்தார். "அப்ப என் தப்புதாங்க. எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

வரப்புத் தகராறுகளில் நிலம் அளக்கும் சர்வேயர் நான். ஓர் அங்குலம்கூட மாற்றி எழுதியதில்லை. ஆனாலும் அந்தப் பொய்க் கட்டத்தைச் சொன்னேன். தன் நினைவைவிட என் வார்த்தையை அவர் நம்பினார்.

ஆட்டம் டிரா. அன்று அவரிடம் தோற்காத ஒரே ஆள் நான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.