ஒரே அடிக்கு நூற்றிருபது வெள்ளி

வீரமுத்துவுக்குக் கேப்ரியல் தரவேண்டிய பாக்கி நூற்றிருபது வெள்ளி. தொண்ணூற்றொன்றில் கெலாங் பாத்தாவில் ஒரு கல்யாண விருந்துக்கு டிரம் வாசித்த கூலி அது. இன்றைக்கு வீரமுத்துவுக்கு மூன்று லோரி ஓடுகிறது. மாசாயில் முனைவீடு சொந்தம். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஆள் தன் கையால் சேர்த்தது எல்லாம். கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்வார். ஆனாலும் அந்தக் காசு மட்டும் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

அது என்ன காலம்! வாடகை வேன், கேப்ரியலின் மனைவி ரீத்தா தைத்துக் கொடுத்த மினுமினுப்புச் சட்டை. தோள்வரை முடி வைத்த கிட்டார்காரர் கேப்ரியல்தான் குழுவுக்குத் தலைவர். ஆட்டப் பாட்டென்றால் டிரம்முக்கு ஒரே வேலை: டும் சக், டும் சக். சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் பிஸ்கட் தகரத்தில் தானே பழகிய வீரமுத்துவின் கைக்கு அது போதுமா? பெண்கள் வரிசைகட்டி ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தெரிந்த வித்தையெல்லாம் அவிழ்த்துவிட்டார். உருட்டி முடித்து நிமிர்ந்தால், பாதி வரிசை வாசலைப் பார்த்து நிற்கிறது, பாதி மேடையைப் பார்த்து நிற்கிறது. கல்யாணப் பெண்ணின் அத்தை தடுமாறி மாப்பிள்ளையின் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தார்.

“ஆட்டத்த நிறுத்துனவனுக்கு எதுக்குடா காசு?” என்றார் கேப்ரியல். “அதே டும் சக் அடிய அடிச்சு, உட்கார்ந்திருக்கிற ஒருத்தன எழுப்பிக் காட்டு. அன்னிக்கு வாங்கிக்க.”

அதோடு கேப்ரியல் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார், குழுவும் கலைந்தது. வீரமுத்து விடவில்லை. லோரியின் சிக்னல் விளக்குச் சத்தத்துக்குத் தொடையில் தட்டித் தட்டியே, ஒரே அடிக்குள் எத்தனை அடி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

போன மாதம் கேப்ரியல், ரீத்தா தம்பதிக்குப் பொன்விழா. மாசாயில் மதிய விருந்து. முட்டியில் ஆபரேஷன் செய்த கேப்ரியல், கைத்தடியோடு நாற்காலியில் இருந்தார்.

“பாக்கிய வாங்க வந்தேண்ணே.”

“நான் எந்திரிச்சாத்தான லா குடுப்பேன்? டாக்டரே எழுப்ப முடியல.”

“டாக்டருக்கு டிரம் தெரியாது.”

விருந்துக்கு வாசிக்க வந்த குழுவின் டிரம் முன்னால் வீரமுத்து உட்கார்ந்தார். டும் சக், டும் சக். வரிசை சேர்ந்தது. அடியை மாற்றவில்லை, வலது கையை மட்டும் மூடிய ஜோடிச் சிம்பலிலிருந்து டிரம்மின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு கால் டிரம்மை நிறுத்திப் பார்த்தார். ஆடுகிறவர்களின் காலே அந்த வேலையைச் செய்தது. கால் டிரம்மைத் திரும்பச் சேர்த்தபோது கூடம் ஓவென்றது. கடைசியில் ஒரு சுற்று முழுதும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அந்த வெறுமைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் விழுந்தது. கேப்ரியலின் கைத்தடி. இம்மி பிசகவில்லை.

“பழைய கை, இல்ல?” என்று ரீத்தா சிரித்துக் கணவரிடம் கையை நீட்டினார். கேப்ரியல் முனகிக்கொண்டே எழுந்தார். இடுப்பு ஆடியது, முட்டி ஆடவில்லை. ஆனாலும் அது ஆட்டம்தான்.

பாட்டு முடிந்ததும் மூச்சிரைக்க உட்கார்ந்து, பர்ஸைத் திறந்தார். “வட்டி கேப்பியாடா?”

“வட்டிய, சட்டை தைச்ச கூலிக்கு அக்காகிட்ட குடுத்துடுங்க.”

வீரமுத்து குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்தார். ஐம்பது, நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபது.