ஸ்டியரிங் விறையல்

அமரவிளை ரேடியோ கடை அண்ணாச்சி போய்விட்டார். டியூட்டி முடிந்து போனை எடுத்தால் அவர் மகளின் மெசேஜ்... இரண்டே வரி.

நேற்றே அடக்கம் முடிந்துவிட்டதாம். அழவும் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி, நான் எட்டாம் வகுப்பு. குன்னத்துகாலில் வீடு, நெய்யாற்றின்கரையில் பள்ளிக்கூடம், அமரவிளையில் பஸ் மாற வேண்டும். ஸ்டாப்புக்கு எதிரே, செக்போஸ்டுக்குப் பக்கத்தில் அவர் கடை.

அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஒரு ரிமோட் ஜீப் கொண்டுவந்திருந்தான். பெரிய பெரிய டயர், பாறை மேல் மெதுவாக ஊர்ந்து ஏறும்.

லீவு முடிந்து கிளம்பும்போது அதை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "தொட்டேன்னா கைய ஒடிப்பேன் ஆக்கும்" என்றான். ஒடிக்கக்கூடியவன்தான்.

தொட்டேன். ரப்பர் தோட்டத்துப் பாறையில் ஏற்றினேன், சறுக்கிப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது.

துடைத்துவிட்டு ஓட்டினால் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடின. நேராக நிற்கவே இல்லை. சனிக்கிழமை வருகிறேன் என்று அண்ணனின் கடிதமும் அன்றுதான் வந்தது.

எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து அண்ணாச்சிக்கு ஒரு சீட்டு எழுதினேன். காலையில் பஸ் மாறுகிற இடைவெளியில் நின்று பேச நேரம் இருக்காது.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், மலையாளம் பேசுவார், வாசிக்க வராது. மலையாளம் மீடியத்தில் படித்த நான் எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதினேன்: "ஸ்டியரிங் விறையல். வீட்டில் சொல்லக் கூடாது."

காய்ச்சலில் உடம்பு நடுங்கினால் எங்கள் வீட்டில் வெறயல் என்போம். மலையாளத்திலும் அதுதான். உலகத்துக்கே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஜீப்பையும் சீட்டையும் துணிப்பையில் போட்டு அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் போனால் அண்ணாச்சிக்கு அவ்வளவு பெருமை. ஸ்க்ரூ எல்லாவற்றையும் லூஸ் பண்ணி, மூட்டு மூட்டாக எண்ணெய் விட்டிருந்தார். சக்கரம் முன்பைவிட மோசமாக ஆடியது.

"அண்ணாச்சி, விறையல் கூடிப்போச்சு."

"எங்க கூடிச்சு? வழுக்கிக்கிட்டுல்லா திரும்புது. இதுல எங்க இருக்கு விறைப்பு?"

"விறைப்பு இல்ல... விறையல். இந்தா, இப்படி." கையை நீட்டிக் காட்டினேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை, பயத்தில் கை தானாகவே ஆடியது.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல விறைச்சுப்போச்சுன்னா கட்டை மாதிரி நிக்கிறதும்மா. ஒரு வார்த்தைய நம்பி காலையில இருந்து எண்ணெயா ஊத்திருக்கேன்."

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கினார், ஆடியது. புது பேட்டரி போட்டார், ஆடியது.

"செக்போஸ்ட் வயர்லெஸ் இழுக்குதோ என்னமோ" என்று கடைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார். அங்கும் ஆடியது.

அந்த நேரத்தில் ஒரு சேச்சி ரேடியோவோடு வந்தார். வால்யூமைத் திருகினால் கரகர... விட்டுவிட்டுக் கரகர.

அண்ணாச்சி குமிழைக் கழற்றி வால்யூம் கண்ட்ரோலுக்குள் கிளீனர் விட்டு நாலு தடவை திருப்பினார். சத்தம் போய்விட்டது.

சக்கரமும் அப்படித்தான் விட்டுவிட்டு ஆடுவதாக எனக்குத் தோன்றியது. "இதுக்க உள்ளயும் அது மாதிரி ஒண்ணு உண்டா அண்ணாச்சி?"

என்னை ஒருமுறை பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டியைத் திறந்தார்.

இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வால்யூம் கண்ட்ரோல் மாதிரியே ஒன்று, சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது. முழுக்க அழுக்கு.

கிளீனர் விட்டார். சக்கரம் ஆடாமல் நின்றது.

சனிக்கிழமை அண்ணன் வந்ததும் முதல் வேலையாக ஜீப்பை இறக்கி, முற்றத்துக் கல்லில் ஏற்றினான். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்.

"அம்மா, போன லீவுலயே இதுக்கு அப்பப்ப வெறயல் உண்டும்லா? இப்ப எப்படி நின்னு?"

"சும்மா கெடந்தா எல்லா வெறயலும் நிக்கும்லே" என்றாள் அம்மா.

போன லீவிலேயே... ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தது எதற்கென்று தெரியவில்லை. திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்ப ஆடுனது ஜீப்பு இல்ல, நீதான்" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம், பஸ் மாறும்போதெல்லாம் கடைக்குள்ளிருந்து குரல் வரும். "வெறயல் எப்படிம்மா இருக்கு?" காதில் விழாத மாதிரி பஸ் ஏறிவிடுவேன்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை, பாதி டீ வேட்டியில்.

"பாத்தியா மக்கா, எனக்கும் விறையல் வந்துட்டு. உங்க ஊரு விறையல்."

நான் நர்ஸ். பார்த்ததுமே என்னவென்று தெரிந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதியளா?" என்று மட்டும் கேட்டேன். அவர் குடித்து முடிக்கும் வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் மறுபடி டியூட்டி...

போயிட்டு வாங்க அண்ணாச்சி. கை ஆடாமல் தூங்குங்க.