என் பிடி எனக்குத் தெரியவில்லை

பொன்னி அலறியபோது அவள் கை என் கைக்குள் இருந்தது. முறத்தில் சாமை உமியைப் பரப்பி, அவளுக்கு ‘அ’ பழக்கிக்கொண்டிருந்தேன்.

“வுடு ஆயா, வலிக்குது!”

விட்டேன். அவளுடைய நாலு விரலும் வெளுத்துப் போயிருந்தன. நானோ மெதுவாகப் பிடித்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது எழுபதுகளின் கடைசியில், சவ்வாது மலையில் எங்கள் ஊர் பால்வாடியில் நடந்தது. நான் அங்கே ஆயா. கஞ்சி காய்ச்சுவதும் கூட்டிப் பெருக்குவதும் என் வேலை. டீச்சர் ஒடுகத்தூரிலிருந்து வரவேண்டும். பஸ் வராத நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவது நான்தான். இரண்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம். ஆனால் தெரிந்ததை அழகாக எழுதுவேன்.

சின்னப் பிள்ளையிடம் எடுத்ததும் பலப்பத்தைக் கொடுத்தால் சிலேட்டைக் கீறிவிடும். அதனால் முதலில் உமியும் விரலும்தான். அழுத்தினால் உமி விலகி முறத்தின் அடி தெரியும். பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரிப் போகவேண்டும். அழுத்தாதே, அழுத்தாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான்.

சாயங்காலம் பொன்னியின் அம்மா குப்பம்மா வந்துவிட்டாள்.

“இன்னாம்மே, கொழந்தைய இப்படியா கிள்ளுவ? வெரலு வீங்கிக் கெடக்குது.”

“நான் கிள்ளலடி. சாமி சத்தியமா கிள்ளல.”

“அப்ப பேயி வந்து கிள்ளிச்சா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை அதே மாதிரி அழுதபோதுதான் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் என் கையை மேசைமேல் வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். “நான் தொடுவேங்க. தொட்ட எடத்த இன்னொரு கையால காட்டுங்க” என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“இன்னா டாக்டரு, ஆரம்பிக்கலீங்களா?” என்றேன்.

கண்ணைத் திறந்தேன். டாக்டர் கையில் குண்டூசி இருந்தது. என் உள்ளங்கையில் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் சிவந்திருந்தன. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றார்.

“முடிஞ்சிடுச்சும்மா” என்றார் டாக்டர்.

அதற்கு உணர்விழப்பு (தொட்டாலும் குத்தினாலும் தெரியாமல் போவது) என்று பெயர். முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஓடுகிற நரம்புகள் தடித்துவிட்டன என்றார். முன்கையில் நான் தேமல் என்று புங்க எண்ணெய் தடவிக்கொண்டிருந்த வெளுத்த இடத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய்.

“நான் தெனம் குளிக்கிறவ டாக்டரு” என்றேன்.

“குளிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. சூடு எத்தன நாளாத் தெரியல?”

அந்தக் கேள்விதான் என்னை அடித்துப்போட்டது. கொதிக்கிற கஞ்சிப் பானையைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்குவேன். அதை ஊரே பார்த்து மெச்சும். “எங்கையி சூடு தாங்குற கையி” என்று நானும் மார்தட்டியிருக்கிறேன். எந்தக் கையை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டேனோ, அது செத்துக்கொண்டிருந்த கை.

“புள்ளைங்க கையெல்லாம் புடிச்சேனே டாக்டரு” என்றேன்.

“ஒங்களுக்கு வந்திருக்கிற வகை லேசுல பரவாதுங்க. மாத்திர ஆரம்பிச்சுட்டா பயமே இல்ல. இருந்தாலும் நாங்க மேல வந்து புள்ளைங்களப் பாத்துடுறோம்.”

சொன்னபடி வந்து பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கும் அப்படி வெளுத்த படை இல்லை. ஆனாலும் தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. குப்பம்மா என் எதிரே வந்தால் பொன்னியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆயா வேலையை விட்டேன். வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். என் கைக்குள் இனி ஒரு பிள்ளையின் கை வராது என்பதைத்தான் தாங்கமுடியவில்லை.

டாப்ஸோன் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினேன். நோய் அடங்கியது. ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிட்டன. அதற்கு அறுவை செய்தார்கள். நடுவிரலை மடக்குகிற தசைநாண்களில் (தசையை எலும்போடு கட்டியிருக்கும் நார்) ஒன்றை எடுத்து அந்த இரண்டு விரலுக்கும் மாற்றிக் கட்டினார்கள். மாவுக்கட்டுப் பிரித்ததும் பயிற்சி. சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த ஒரு சின்னப்பெண்.

“நடுவெரல மடக்கணும்னு நெனைங்கம்மா.”

நினைத்தேன். சுண்டு விரல் நிமிர்ந்தது. நான் கூப்பிட்டது ஒருவரை, எழுந்து வந்தது வேறொருவர். திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். “பழகிடும்மா” என்றாள். பழகத்தான் செய்தது.

“தொட்டா எப்பம்மா தெரியும்?” என்று கேட்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “அது வராதும்மா. இனிமே கண்ணாலதான் பாத்துக்கணும்.”

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளுத்த இடத்தில் வியர்க்கவில்லையா, கிள்ளினால் தெரியவில்லையா, உடனே போய்க் காட்டுங்கள். சூடு தெரியாத கையை நினைத்துப் பெருமைப்படாதீர்கள். விரலை நிமிர்த்திக் கொடுக்க டாக்டர் இருக்கிறார். போன உணர்ச்சியைத் திருப்பித்தர என் காலத்தில் யாரும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பால்வாடி வாசலில் போய் நின்றேன். டீச்சர் அதைப் படித்துக் காட்டினார். தாய்மார்கள் கூடி நின்றார்கள்.

“ஒங்க புள்ளைங்க கைய இனிமே நான் புடிக்கமாட்டேன்” என்றேன். “புடிச்சா எவ்ளோ அழுத்துறேன்னு எனக்கே தெரியாது. அதுங்க எங்கை மேல கைய வெக்கட்டும். நான் எழுதுறேன், அதுங்க கூடவே வரட்டும்.”

குப்பம்மா இடுப்பில் கைவைத்தாள். “வெச்சிட்டு சோப்பு போட்டுக் கழுவணுமா?”

“மூக்கு ஒழுவுற கையி அதுங்களுது. கழுவணும்னா நான்தான்டி கழுவணும்.”

யாரோ சிரித்தார்கள். குப்பம்மாவும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். மறுநாள் தன் இரண்டாவது மகள் செல்வியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தாள். தானும் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

செல்வி என் புறங்கையின்மேல் தன் கையை வைத்தாள். அந்தக் கை சுடுகிறதா, சில்லென்று இருக்கிறதா, எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தேன். இருந்தது. உமியில் மெல்லச் சுழித்தேன். அவள் கையும் கூடவே வந்தது. தினமும் அப்படித்தான். பார்வையை எடுத்தால் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் கண்ணை எடுக்காமலே எழுதினேன்.

ஒருநாள் கூரைமேல் மழை திடீரென்று கொட்டியது. ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடியே கையைச் சுழித்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோது என் கை உமியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. செல்வி முறத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் ஒற்றை விரலால் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தாள். உமிக்கடியில் முறம் தெரியவில்லை. அவள் என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.